பெங்களூரின் முதல் குடிகள் உறங்காத இடுகாடு

பெங்களூரின் தென்கோடியில், ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது பேகூர் நாகநாதேசுவரர் கோயில். அதன் வளாகத்தில் பழைய கற்கள் பல நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நெடுங்காலம் கோயிலின் பின்புறத்தில், கேட்பாரற்றுக் கிடந்தது. பழங்கன்னடத்தில் சில வரிகளே கொண்ட அந்தக் கல்லைக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்த் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த ஆர். நரசிம்மாச்சார் படித்துப் பதிவு செய்தார். கங்கர் காலத்துத் தலைவனான நாகத்தரனின் மனையைச் சார்ந்த ஒருவன் பெங்களூர்ப் போரில் மாண்டான் என்பதே அது சொல்லும் செய்தி. எழுத்தமைதியைக் கொண்டு ஏறக்குறைய கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக அதனைக் கணிக்கின்றனர்.

கெம்பே கௌடர் மண்கோட்டை எழுப்பி நகரத்தைத் தோற்றுவித்த ஆண்டாகச் சொல்லப்படுவது 1537. அதற்கும் முன்னர், ஒய்சள மன்னன் பல்லாளன் காட்டில் வழிதவறி அலைந்தபோது ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு கொடுத்துப் பசியாற்றினாள் என்றும், வெந்த பயற்றின் ஊர் என்பதே பெங்களூர் ஆயிற்று என்றும் வழங்கும் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மன்னன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பேகூர்க் கல் ஊரின் பெயரை எழுதிவைத்துவிட்டது. ஒரு மாநகரத்தின் பெயர் வரலாற்றில் முதன்முதலாகத் தென்படுவது அரசாணையிலோ வணிகரின் கணக்கிலோ புலவரின் பாட்டிலோ அன்று; ஓர் ஆளின் சாவுக் குறிப்பில்.

இத்தகைய கற்களைத் தமிழில் நடுகல் என்றும், வீரக்கல் என்றும் வழங்குகிறோம். கன்னடத்தில் வீரகல்லு. பெங்களூரைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் ஒவ்வொன்றிலும் ஊர்ப்புறத்திலும் ஏரிக்கரையிலும் கோயில் வாயிலிலும் ஒன்றும் இரண்டுமாக, சில இடங்களில் வரிசையாகவே இவை நின்றன. அமெரிக்காவிலும் ஆசுதிரேலியாவிலும் காடு திருத்திக் குடியேறிய முதல் தலைமுறையினரின் சிறு கல்லறைத் தோட்டங்களை ஊர்வரலாற்றின் முதல் ஏடாகக் கொண்டு பேணுகின்றனர். வேலியிட்டு, புல் செதுக்கி, பெயர்களைப் படியெடுத்துப் பட்டியலிடுகின்றனர். பெங்களூரின் சிற்றூர்களுக்கு அப்படியொரு முதல் ஏடு உண்டென்றால் அது இந்த வீரக்கற்களின் வரிசைதான். ஒரே ஒரு வேறுபாடு. பெரும்பாலான வீரக்கற்களின் அடியில் உடல் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சற்றே விளக்குவது நல்லது. இறந்தவன் உடல்மேல் கற்களைக் குவித்து மூடும் பதுக்கை என்னும் வழக்கம் சங்க இலக்கியத்தில் பேசப்படுகிறது. அதன் அருகே கல் நடும் வழக்கமும் பேசப்படுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த தமிழி எழுத்துப் பொறித்த கற்கள் இந்த வழக்கத்தின் மிகப் பழைய சான்றுகளாகும். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்துவன் என்பானுக்கு எடுத்தது. பிற்காலத்தில் உடலைப் புதைத்த இடமும் கல் நட்ட இடமும் பிரிந்தன. கல் பிணக்குழியின் அடையாளமாக இல்லாமல், ஊரார் கண்ணில் படுகிற இடத்திற்கு நகர்ந்து வந்தது. உடல் எங்கோ எரிந்தோ மண்ணாகியோ போக, பெயரும் உருவமும் மட்டும் ஊருக்குள் குடியேறின. ஆகவே இதனை இடுகாடு என்று சொல்வது முழுக்கப் பொருந்தாது. சொல்லாமல் விடுவதும் பொருந்தாது.

பேகூருக்கு நேர் எதிர்த்திசையில், நகரின் வடக்கே, ஹெப்பாளம் இருக்கிறது. விமான நிலையத்திற்குச் செல்வோர் பலரும் அதன் மேம்பாலத்தைக் கடந்தே செல்கின்றனர். அங்கே சில ஆண்டுகளுக்கு முன் கழிவுநீர்க் கால்வாய்ப் பணியின்போது ஒரு கல் வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 750ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னட எழுத்து. கங்க மன்னன் ஸ்ரீபுருஷனின் ஆட்சிக் காலம். பெர்பொளல்நாடு முப்பது எனப்பட்ட ஊர்த்தொகுதியின்மேல் இரட்டவாடியினர் வந்தபோது கிட்டய்யன் என்பவன் எதிர்நின்று பொருது மாண்டான் என்று அது சொல்கிறது. பெங்களூர் எல்லைக்குள் இதுவரை கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது என்பர். நரசிம்மாச்சாரின் பதிவிலும், அவருக்கு முந்தைய பதிவிலும் இது இடம்பெறவில்லை. ஆயிரத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊருக்குள்ளேயே இருந்து, ஒருவர் கண்ணிலும் படாமல், கடைசியில் சாக்கடை வெட்டியபோதுதான் கிட்டய்யன் வெளியே வந்தான்.

பெர்பொளல் என்னும் சொல்லைத் தமிழர் சற்று நின்று படிக்கவேண்டும். பெர் என்பது நம் பெரு. பொளல் என்பது நம் பொழில், புழல் போன்ற ஒலியை நினைவூட்டினாலும் பழங்கன்னடத்தில் நகர் என்று பொருள்படுவது. பத்தாம் நூற்றாண்டிலிருந்து கன்னடத்தில் மொழிமுதல் பகரம் மெல்ல மெல்ல ஹகரமாக மாறியது. பால் ஹாலு ஆயிற்று. பூ ஹூ ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. அதே வழியில்தான் பெர்பொளல் ஹெப்பாளம் ஆயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. கிட்டய்யன் வாழ்ந்த காலத்தில் ஒரு தமிழன் அவ்வூர்ப் பக்கம் போயிருந்தால், மக்கள் பேசியதில் கணிசமான பகுதியை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துகொண்டிருப்பான்.

இன்னொரு சொல்லையும் பார்க்கலாம். கன்னட வீரக்கற்களில் அடிக்கடி வருவது துறு. துறுவைக் கொண்டபோது, துறுவை மீட்டபோது என்று அவை பேசும். தமிழ் நடுகற்களில் அதே இடத்தில் வருவது தொறு. தொறுக்கொண்ட ஞான்று, தொறு மீட்டுப்பட்டான் என்பன செங்கம் நடுகற்களில் பழகிப்போன தொடர்கள். இரண்டிற்கும் பொருள் ஒன்றே, மாட்டு மந்தை. தொல்காப்பியம் வெட்சித்திணையை ஆநிரை கவர்தலோடு தொடங்கி, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் நடும் நிலைகள் ஆறினைப் புறத்திணையியலில் வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு நாள் குறித்து எடுத்துவருவது, நீரில் இட்டுத் தூய்மை செய்வது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இந்த ஒழுங்கு வேங்கடத்திற்குத் தெற்கே மட்டும் நின்றுவிடவில்லை. காவிரியின் மேற்கரையிலும் பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் மேட்டுநிலத்திலும் அதே வாழ்க்கை இருந்தது. ஆகவே அதே சாவும் இருந்தது.

மேட்டுநிலம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வற்றாத ஆறு எதுவும் இல்லாத நிலத்தில் அமைந்தது. மழைநீரைத் தேக்கிய ஏரிகளே அதன் உயிர். காடு வெட்டி, கரை கட்டி, கேழ்வரகு விதைத்து வாழவந்த முதல் குடிகளுக்கு மாடே நடமாடும் செல்வம். நெல் விளையும் ஆற்றுப்படுகையில் பகைவன் களத்தைக் கொள்ளையிடுவான். மேட்டுநிலத்தில் மந்தையை ஓட்டிச் செல்வான். மந்தை போனால் ஏர் இல்லை, எரு இல்லை, அடுத்த ஆண்டு விதைப்பும் இல்லை. வீரக்கல் என்ற சொல்லில் உள்ள வீரம் நம் கவனத்தை வாளின்மேல் இழுத்துவிடுகிறது. அக்கற்களில் பலவற்றை எழுப்பியது புகழாசையை விட, விடிந்தபோது தொழுவம் வெறுமையாகக் கிடந்த ஊரின் அச்சம் என்று கொள்வதே பொருத்தம்.

கல்லின் அமைப்பைப் பார்த்தாலும் இது தெரியும். வளர்ச்சியடைந்த வீரக்கல் பெரும்பாலும் மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். கீழடுக்கில் சண்டை, வீரன் வாளும் கேடயமும் ஏந்தியோ வில் வளைத்தோ நிற்பான், ஓரத்தில் மாடுகள் நெருங்கி நிற்கும். நடு அடுக்கில் அவனை வானமகளிர் இருபுறமும் தாங்கி மேலே கொண்டுசெல்வர். மேலடுக்கில் அவன் இலிங்கத்தின் முன்னோ, சமணப் பகுதியாயின் அருகன் முன்னோ அமர்ந்திருப்பான். உச்சியில் ஞாயிறும் பிறையும். அவை உள்ளளவும் இந்நினைவு நிற்கவேண்டும் என்பது கருத்து. கற்றச்சனுக்குத் தலைவனின் முகம் முக்கியமில்லை. எல்லா முகமும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். மாட்டின் கொம்பையும் திமிலையும் மட்டும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பான்.

பெண்களுக்கும் கற்கள் உண்டு. மாஸ்திக்கல் எனப்படும் மாசதிக் கல்லில் ஒரு தூணிலிருந்து வளையணிந்த கை மட்டும் முழங்கையில் மடங்கி மேல்நோக்கி நீண்டிருக்கும். கணவனோடு தீப்புகுந்தவள் என்பதற்கான குறி அது. பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது. உடைந்த வளையல் விதவைக்கு; உடையாத வளையல் இவளுக்கு. இந்தக் கற்களைப் பண்பாட்டுப் பெருமையாக எழுதுவோர் உண்டு. ஊரைக் காக்க இறந்தவனுக்குப் பெயரும் நிலமும் கிடைக்க, அவன் சாவைத் தொடர்ந்து எரிந்தவளுக்கு ஒரு கை மட்டும் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

நிலம் என்றது வெறும் பேச்சு அன்று. இறந்தவன் குடும்பத்திற்கு நிலம் விடும் வழக்கம் இரு மொழிப் பகுதியிலும் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி எனப்பட்டது. கன்னடத்தில் நெத்தரு கொடகெ, அதாவது இரத்தக் கொடை. கல்நாடு என்ற சொல்லும் உண்டு. பேகூரிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று பெங்களூர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் நிற்கும் பெருங்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எறெயப்பன் ஆணைப்படி நாகத்தரன் வீரமகேந்திரனை எதிர்த்துத் தும்பெப்பாடியில் பொருது யானைப்போரில் மாண்டான். அதனை அறிந்த எறெயப்பன் இருகன் என்பானுக்கு நாகத்தரப் பட்டம் கட்டி, பெம்பூர்ப் பன்னிரண்டைக் கல்நாடாகக் கொடுத்தான். பெம்பூர் என்பதுதான் பேகூர். பன்னிரண்டு ஊர்களின் பெயரும் கல்லில் வரிசையாக உள்ளன. தொடக்கத்தில் சொன்ன சிறு கல்லில் வரும் நாகத்தரனும் இந்த மரபினன்தான். ஒரு சாவுக்கல் பன்னிரண்டு ஊர்களின் பெயர்ப் பதிவேடாகவும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக்கு முன்பின்னான பெங்களூர்த் தென்பகுதியின் வரைபடத்தை வேறெதைக் கொண்டும் வரைய முடியாது.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு கல்லும் உண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. கி.பி. 949-50ஆம் ஆண்டுக்குரியது. தக்கோலப் போர் தமிழருக்குத் தெரிந்த போர். சோழ இளவரசன் இராசாதித்தன் அங்கே இறந்தான். சோழர் கல்வெட்டுகள் அவனை ஆனைமேல் துஞ்சின உடையார் என்று மெல்லிய சொல்லால் குறிக்கும். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்பதை ஆதகூர்க் கல் வெளிப்படையாகச் சொல்கிறது. எனினும் கல் எடுக்கப்பட்டது பூதுகனுக்காகவும் அன்று, இராசாதித்தனுக்காகவும் அன்று. பூதுகனின் வீரன் மணலரன் அப்போரில் காட்டிய ஆற்றலை மெச்சிய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், வேண்டுவது கேள் என்றான். மணலரன் கேட்டது மன்னனின் வேட்டைநாயை. அதன் பெயர் காளி. அந்த நாய் பின்னர் ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானும் ஒருசேர மாண்டது. அதற்காகவே கல் நட்டு, நிலம் விட்டு, நாள்தோறும் பூசை செய்யச் சொன்னார்கள். அந்நிலத்தை ஆளும் கொரவன், அதாவது சிவனடியானான பூசாரி, கல்லை வழிபடாமல் உண்டால் நாயின் பாவம் அவனைச் சேரும் என்ற எச்சரிக்கையும் எழுதியிருக்கிறது. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஒரு பேரரசின் போர்ச்செய்தி நாயின் கல்லறைக்கு முன்னுரையாக வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழகத்தில் இதற்கு மூத்த உடன்பிறப்பு உண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைத் தொறுவைக் காக்கும்போது இறந்தான். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்து நின்றது என்று தனியே எழுதிவைத்தார்கள். எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில், ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்டவேண்டிய நிலையில், ஒரு நாயின் பெயரை விடாமல் எழுதிய ஊர் எத்தகையது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

கி.பி. 1004 அளவில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றிய பின் பெங்களூர்ப் பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பெருகின. காடுகோடியில் உள்ள இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 1043ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பட்டந்தூர் ஏரியோடு தொடர்புடையது. இன்று அங்கே தகவல்தொழில்நுட்ப வளாகங்கள் நிற்கின்றன. டொம்லூர்ச் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவ்வூர் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. யலஹங்கா இலைப்பாக்கநாடு எனப்படுகிறது. மடிவாளச் சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூரான் ஒருவன் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் விட்டதைச் சொல்கிறது. கன்னடக் கல்லின் பெம்பூரும் தமிழ்க் கல்லின் வேப்பூரும் ஒரே ஊர். ஒய்சளர் ஆட்சி இப்பகுதியில் வேரூன்றிய பிறகும் தமிழில் எழுதுவது நிற்கவில்லை.

யார் முதலில் வந்தவர் என்ற வழக்கில் இக்கற்களை இரு தரப்பும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. அவை நல்ல சாட்சிகள் அல்ல. மூத்த சாவுக்கற்கள் கன்னடத்தில் இருக்கின்றன. பின்வந்த ஏரி, நிலக்கொடை ஆவணங்களில் பல தமிழில் இருக்கின்றன. இரண்டையும் வெட்டுவித்தவர்கள் ஒரே ஏரியின் நீரைப் பாய்ச்சியவர்கள். கிட்டய்யன் எதிர்த்து நின்றது தமிழனை அன்று. இரட்டவாடியினரை, அதாவது கன்னடம் பேசிய இராட்டிரகூடரின் ஆட்களை. நாகத்தரன் பொருதது வீரமகேந்திரனோடு. மொழியால் அணிவகுத்துப் பார்க்க முயல்வோருக்கு எட்டாம் நூற்றாண்டு ஒத்துழைப்பதில்லை.

பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயரான பி. லூயிஸ் ரைஸ், மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டி எபிகிராபியா கர்நாடிகா என்னும் தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கல்லுக்கும் இருப்பிடம் குறிக்கப்பட்டுள்ளது. இன்ன ஊருக்குக் கிழக்கே வயலில், இன்ன ஏரிக் கோடியில், இன்ன தோட்டத்துக் கிணற்றடியில் என்பனபோல. அக்குறிப்புகளைக் கையில் கொண்டு இன்று தேடிச் சென்றால், ஏரி இருந்த இடத்தில் பேருந்து நிலையமும் வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடியும் நிற்கக் காணலாம். பல கற்கள் அச்சில் மட்டுமே உள்ளன. அவற்றின் முடிவு எப்படி நேர்ந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதன் மட்டம் உயர, ஓரத்தில் நின்ற கல் இடுப்பளவு, பின் கழுத்தளவு புதைந்தது. தட்டையான நல்ல கல் துணி துவைக்கவும் சாக்கடை மூடவும் வீட்டுப்படிக்கும் ஆயிற்று. அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது இடிபாட்டு வண்டியில் ஏறியது. புதையல் இருக்கும் என்று பெயர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. ஞாயிறும் பிறையும் புதையலின் குறி என்று நாட்டுப்புறத்தில் ஒரு நம்பிக்கை.

இடம் தவறிய வீரக்கல் பாதி ஊமை. எந்த ஏரிக்கரையில், எந்தத் திசை நோக்கி நின்றது என்பதுதான் மந்தை எவ்வழி ஓட்டப்பட்டது, ஊரின் எல்லை எதுவரை இருந்தது என்பதைச் சொல்லும். இந்தக் காரணத்தால் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுபோவது எப்போதுமே நல்ல தீர்வு ஆகாது. பேகூர்ப் பெருங்கல் மழைக்கும் மண்வெட்டிக்கும் தப்பியது உண்மை. அதன் பன்னிரண்டு ஊர்களிலிருந்தும் அது பிரிந்துபோனதும் உண்மை.

பெங்களூரின் மற்றொரு இடுகாட்டின் கதை இங்கே பொருந்தும். 1791 மார்ச்சில் காரன்வாலிஸின் படை பெங்களூரை முற்றுகையிட்டது. மார்ச் 7இல் பேட்டையும் 21ஆம் நாள் இரவில் கோட்டையும் வீழ்ந்தன. இறந்த ஆங்கிலேய அதிகாரிகளைக் கோட்டைக்கு அருகே புதைத்தனர். படையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோம், 1794இல் வெளிவந்த தம் மைசூர்க் காட்சிகள் நூலுக்காக இந்நிலத்தின் தோற்றங்களை வரைந்தார். அந்த இடுகாடு இன்று இல்லை. முற்றுகையில் இறந்தோருக்காக மைசூர் அரசு எழுப்பிய நினைவுத்தூணும் இல்லை. 1964இல் நகராட்சியினரே அதனை இடித்தனர். தூணின் பெயரால் வழங்கிய சாலை இன்று நிருபதுங்க சாலை. எதிர்த்தரப்பில் இறந்த கோட்டைத் தளபதி பகதூர்கானை நகரிலேயே அடக்கம் செய்தனர். சந்தைப் பகுதியின் இரைச்சலுக்கு நடுவே அவரது அடக்கத்தலமாகப் போற்றப்படும் தர்கா இன்றும் இருக்கிறது. பூவும் ஊதுவத்தியும் வாங்கிவருவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. வென்றவர்களின் கல்லறையை அரசு காத்தது, அரசு மாறியதும் அது போயிற்று. தோற்றவரின் கல்லறையை மக்கள் கும்பிட்டார்கள்.

வீரக்கற்களிலும் இதே நிலைதான். தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகல்லை வேடியப்பன் என்று வழிபடுகின்றனர். அப்படி வழிபடப்பட்டவையே நன்கு பிழைத்துள்ளன. பெங்களூரிலும் மஞ்சளும் குங்குமமும் பூசி, அரளி மாலை சூட்டி, பெயர் தெரியாத சாமியாக நிற்கும் கற்களை எந்த ஒப்பந்தக்காரரும் தொடத் துணிவதில்லை. இதில் ஒரு விலை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு எழுத்தை மூடும். ஆர்வம் மிகுந்து வண்ணப்பூச்சு அடித்துவிட்டால் கல்வெட்டாளர் தலையில் கைவைத்துக்கொள்வார். துறைசார்ந்தோர் பலர் வழிபாட்டைக் கல்லுக்கு நேரும் கேடாகவே பேசுகின்றனர். அது ஒருபக்கப் பார்வை. எழுத்து மங்கிய கல்லை ஒளியைச் சாய்த்துப் படிக்கலாம், மாவுபூசிப் படியெடுக்கலாம். இடிபாட்டு வண்டியில் ஏறிய கல்லை எந்த ஒளியிலும் படிக்க இயலாது. பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் சொல்லும் கடைசி இரண்டு நிலைகளும் நடுவதோடு வேலை முடியவில்லை என்பதையே காட்டுகின்றன.

அண்மைக் காலத்தில் நிலை சற்று மாறியிருக்கிறது. ரைஸின் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு வார இறுதிகளில் கற்களைத் தேடிப் புறப்பட்ட தன்னார்வலர்கள் எஞ்சியவற்றை அடையாளம் கண்டு, ஊராரிடம் படித்துச் சொன்னார்கள். 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி, பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிப் பதிவுசெய்யும் பணியை 2021 முதல் நடத்திவருகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்ந்த எழுத்தும் அம்முறையில் தெளிகிறது. ரைஸ் காலத்து வாசிப்புகள் சிலவற்றைத் திருத்தவும் அது உதவியிருக்கிறது. அந்தச் சங்கத்தின் கட்டடம் நிற்பது நிருபதுங்க சாலையில், இடிக்கப்பட்ட தூணின் பெயரை ஒருகாலத்தில் தாங்கியிருந்த அதே தெருவில்.

கிட்டய்யனின் கல்லை ஹெப்பாளத்திலிருந்து எங்கும் கொண்டுபோகவில்லை. அவ்வூரிலேயே ஒரு சிறு கல்மண்டபம் கட்டி, அதற்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.